விசையை இழுக்கும் முன்

2018 நவம்பர் 2, இரவு. மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் போராட்டி கிராமத்தை ஒட்டிய காட்டில் ஒரு வேட்டுச் சத்தம். இரண்டு குட்டிகளின் தாயான டி-1 என்ற பெண் புலி சரிந்தது. பத்திரிகைகள் அதற்கு வைத்த பெயர் அவ்னி. சுட்டவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த அஸ்கர் அலி கான். வனத்துறை பணியில் அமர்த்தியிருந்ததோ அவரது தந்தையான வேட்டைக்காரர் நவாப் ஷஃபத் அலி கானை.

13 பேர் பலியானதற்கு அந்தப் புலியே காரணம் என்று நம்பிய கிராமத்தினர் பட்டாசு வெடித்தார்கள், இனிப்பு வழங்கினார்கள். நகரங்களிலோ கண்டனக் குரல்கள்.

காட்டில் புலி விழும்போதெல்லாம் துப்பாக்கிப் பிரியர்களுக்கு ஒரு கேள்வி எழும்: எந்த ரகத் துப்பாக்கி? மேலை நாடுகளில் தொலைதூர வேட்டைக்கும் இலக்குப் பயிற்சிக்கும் செமி ஆட்டோமேடிக் ரைஃபிள் பலர் கையில் உண்டு. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு பாயும். வெடித்த மருந்தின் விசையே காலித் தோட்டாவை வெளியே தள்ளி, அடுத்ததை உள்ளே ஏற்றிவிடும். கைக்கு வேலை மிச்சம். இந்தியாவிலோ இந்த ரகம் தடை செய்யப்பட்ட ஆயுதங்களின் பட்டியலில் இருக்கிறது. பொழுதுபோக்கு வேட்டைக்கும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்துவிட்டது.

துல்லியத்துக்கு அந்த வேகம் அவசியமும் இல்லை. 1910ல் ஹைதராபாத் சமஸ்தானத்தின் பொலாரத்தில் பிறந்தவர் கென்னத் ஆண்டர்சன். தமிழகக் காடுகளிலும் ஆட்கொல்லிகளைச் சுட்டு, அந்த அனுபவங்களைப் புத்தகங்களாக எழுதியவர். அவர் நம்பிய .405 வின்செஸ்டரில் ஒவ்வொரு வேட்டுக்கும் பின் கையால் நெம்புகோலை இயக்க வேண்டும். சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்த ககன் நாரங், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் 701.1 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றார். அந்தத் துப்பாக்கியில் ஒரு தடவைக்கு ஒரே ஒரு குண்டு. சுட்ட பிறகு நிதானமாக அடுத்ததைப் போட வேண்டும்.

அவ்னி விவகாரத்தில் துப்பாக்கியின் வேகமும் தூரமும் பிரச்சினையே இல்லை. மயக்க ஊசி பாய்ந்த பின் புலி ஜீப்பை நோக்கிப் பாய்ந்தது, தற்காப்புக்காகவே சுட்டேன் என்பது அஸ்கரின் விளக்கம். தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் குழு அதை ஏற்கவில்லை. விதிமுறைகள் மீறப்பட்டன என்றது. அன்றிரவு கால்நடை மருத்துவரும் உடன் இல்லை.

சட்டம் சொல்வது தெளிவு. மனித உயிருக்கு ஆபத்தான புலியைக் கொல்ல மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளர் எழுத்து மூலம் காரணம் காட்டி உத்தரவிட வேண்டும். பிடிக்கவோ, மயக்கவோ, இடம் மாற்றவோ முடியாது என்று அவர் திருப்தியடைந்திருக்க வேண்டும். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தபோதும், மயக்க ஊசி முயற்சி பலிக்காவிட்டால் மட்டுமே சுடலாம் என்ற வனத்துறை உத்தரவுதான் அமலில் இருந்தது. அதிகாரிகள் மீதான அவமதிப்பு வழக்கும் 2021ல் வாபஸ் பெறப்பட்டு முடிந்தது.

தாய் இறந்த மறு மாதம் பெண் குட்டி பிடிபட்டது. பென்ச் சரணாலயத்தில் வளர்ந்து, 2021ல் காட்டில் விடப்பட்ட சில நாட்களிலேயே வேறொரு பெண் புலியுடன் நடந்த சண்டையில் காயமடைந்து இறந்தது.

கிராமத்தினரின் பயம் நியாயமானது. அதைத் தீர்க்க வேண்டியது அரசின் பொறுப்பு. அடுத்த ஆட்கொல்லி வரும்போது எந்தத் துப்பாக்கி என்பதைவிட, உத்தரவு யார் பெயரில் இருக்கிறது, ஜீப்பில் மருத்துவர் இருக்கிறாரா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.