செங்கோட்டையில் எல்லாரும் எங்கே உறங்கினார்கள்?

மீரட்டிலிருந்து ஒரு குடும்பம் தில்லிக்கு வருகிறது. தாத்தா, பாட்டி, மகன், மருமகள், ஒன்பது வயதுப் பேத்தி. பகலெல்லாம் சாந்தினி சௌக்கில் அலைந்து, பராத்தாவும் ஜிலேபியும் உண்ட களைப்போடு, மாலையில் செங்கோட்டையின் லாகூர் வாயிலில் வரிசையில் நிற்கிறார்கள். எந்தச் சனிக்கிழமை சென்றாலும் அங்கே காணக்கூடிய குடும்பம்தான். 2023 ஜனவரியில் தொடங்கப்பட்ட 'ஜெய் ஹிந்த்' என்னும் ஒளி-ஒலி நிகழ்ச்சி, பதினேழாம் நூற்றாண்டு முதல் இன்றுவரையிலான வரலாற்றை ஒரே மாலையில் கண்முன் நிறுத்துவதாக அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. நடிகர்கள் உண்டு, நடனம் உண்டு, கோட்டைச் சுவர்களின் மேல் வண்ண ஒளியில் விரியும் படங்கள் உண்டு.

நௌபத் கானாவிலிருந்து திவானே ஆம் மண்டபத்தை நோக்கி நடக்கும்போது பேத்தி கேட்கிறாள்: "தாத்தா, இவ்வளவு பெரிய கோட்டையிலே எல்லாரும் எங்கே தூங்கினாங்க?" தாத்தா சுற்றும் முற்றும் பார்க்கிறார். புல்வெளி, நடைபாதை, தொலைவில் நான்கைந்து பளிங்கு மண்டபங்கள், இடையிலே பொருந்தாமல் நிற்கும் சில முரட்டுக் கட்டடங்கள். "எங்கேயாவது அரண்மனை இருந்திருக்கும் கண்ணு, பார்த்து நட" என்கிறார். அதற்குள் முரசொலி எழுந்துவிடுகிறது.

அந்தக் குழந்தையின் கேள்விக்கு விடை அவள் காலடியிலேயே கிடந்தது. 1639இல் தொடங்கி 1648இல் ஷாஜகான் குடிபுகுந்த அந்த அரண்மனை நகரின் பெரும்பகுதியை, 1857 எழுச்சியை அடக்கிய பின் ஆங்கிலேயர் திட்டமிட்டு இடித்துத் தரைமட்டமாக்கினர். அந்தப்புரங்கள், தோட்டங்கள், முற்றங்களைச் சூழ்ந்திருந்த வளைவு மண்டபங்கள் எல்லாம் போயின. அந்த இடத்தில் படைவீரர் குடியிருப்புகள் எழுந்தன. பொருந்தாமல் நிற்கும் முரட்டுக் கட்டடங்கள் அவையே. இடிப்பதற்கு முன் ஒரு வரைபடம்கூட எடுத்து வைக்கவில்லையே என்று கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ஃபெர்குசன் தம் நாட்டாரையே கடிந்து எழுதினார். ஆகவே சுற்றுலாப் பயணிகள் படமெடுத்துக்கொள்ளும் அந்தப் பசும்புல், அழகுக்காக விட்ட வெற்றிடமன்று. அங்கே வீடுகள் இருந்தன. அவற்றில் மனிதர்கள் இருந்தார்கள். 'சலாத்தீன்' எனப்பட்ட அரச குலத்தின் கிளைவழியினர், பெயரளவில் இளவரசர்களாகவும் வாழ்க்கையில் வறியவர்களாகவும், அக்கோட்டைக்குள் நெருக்கியடித்துக் காலம் தள்ளினர்.

நிகழ்ச்சிக்கென அறிவிக்கப்பட்ட பொருள்கள் இவை: மராத்தியரின் எழுச்சி, 1857 விடுதலைப் போர், இந்திய தேசிய இராணுவமும் அதன் மீதான வழக்குகளும், விடுதலைப் போராட்டம், 75 ஆண்டுகளில் நாடு கண்ட வளர்ச்சி. இவற்றுள் எதுவும் பொய்யன்று. எதுவும் சொல்லத் தகாததுமன்று. ஆனால் இந்தப் பட்டியலை மறுபடி வாசித்தால், கோட்டையைக் கட்டி இரண்டு நூற்றாண்டு அதில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு தலைப்புக்கூட இல்லை என்பது தெரியும். வீட்டைப் பற்றிய கதையில் வீட்டுக்காரருக்குத் தனி இடமில்லை. வாளேந்தி வந்தவருக்கும் வாளேந்திப் போனவருக்கும் உண்டு.

சரி, மராத்தியரையே எடுத்துக்கொள்வோம். இந்தக் கோட்டையோடு அவர்களுக்கு இருந்த உறவு 'எழுச்சி' என்ற ஒரு சொல்லில் அடங்குமா? 1760இல் சதாசிவராவ் பாவு, படைக்குச் சம்பளம் கொடுக்கப் பணமின்றி, திவானே காஸ் மண்டபத்தின் வெள்ளி விதானத்தைப் பெயர்த்து உருக்கி நாணயமாக்கினார். பத்தாண்டுகளுக்குப் பின், அலகாபாத்தில் கிடந்த முகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலமைத் தில்லிக்கு அழைத்துவந்து அரியணையில் அமர்த்தியவர்களும் மராத்தியரே. 1803இல் ஆங்கிலேயர் தில்லியைப் பிடித்தபோது எதிர்த்து நின்றதும் சிந்தியாவின் படைதான். விதானத்தைப் பெயர்த்த கையும் பேரரசரைக் காத்த கையும் ஒரே தரப்பின் கைகள். ஒரு நாடக ஆசிரியனுக்கு இதைவிட நல்ல கரு வாய்க்குமா? இருந்தும் இவ்வகை மேடைகளுக்கு அது வேண்டியதில்லை. நண்பனும் பகைவனும் ஒரே ஆளாக இருந்தால் எந்த நிறத்தில் விளக்குப் போடுவது?

வரலாற்றை நடித்துக் காட்டுவதே தவறென்று வாதிடும் ஆய்வாளர் கூட்டம் ஒன்று உண்டு. கருத்தரங்குகளில் தேநீர் இடைவேளையில் இத்தகைய நிகழ்ச்சிகளை எள்ளி நகைப்பார்கள். 'பொதுமக்களுக்கான கேளிக்கை, வேறென்ன எதிர்பார்ப்பது' என்பார்கள். இந்த அலட்சியம் நிகழ்ச்சியைவிட ஆபத்தானது. பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூலிலிருந்து முகலாய அரசவைகள் பற்றிய இயல், பாடச்சுமைக் குறைப்பு என்ற பெயரில் நீக்கப்பட்டு, அந்த வடிவில் நூல்கள் மாணவர் கைக்கு வந்ததும் அதே 2023இல்தான். பாடநூல் மெலிய மெலிய, மேடையே பாடநூலாகிறது. மீரட்டுச் சிறுமி நாளை வளர்ந்து, செங்கோட்டையை எதன்வழி நினைவுகூர்வாள்? ஆய்விதழ்க் கட்டுரை வழியாகவா? ஒரு மாலை, தாத்தாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, இருளில் சிவந்து ஒளிர்ந்த சுவரைப் பார்த்தாளே, அதன் வழியாகத்தான்.

வரலாற்றை நடித்துக் காட்டும் கலை இந்தக் கோட்டைக்குப் புதிதுமன்று. 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜும் அரசி மேரியும் முடியணிந்து இதே கோட்டையின் பலகணியில் அமர்ந்து, கீழே யமுனைக் கரைத் திடலில் திரண்ட மக்களுக்குக் காட்சி தந்தார்கள். முகலாயப் பேரரசர்கள் நாள்தோறும் குடிகளுக்கு முகம் காட்டிய வழக்கத்தின் மறுநடிப்பு அது. ஐம்பது சொச்சம் ஆண்டுகளுக்கு முன் அந்த வழக்கத்துக்கு உரியவரை ரங்கூனுக்கு நாடுகடத்தியவர்களே, அவர் பலகணியில் அவர் வேடத்தைப் பூண்டார்கள். அன்றும் திடலில் குடும்பங்கள் இருந்தன, குழந்தைகள் இருந்தார்கள், கண்கொள்ளாக் காட்சி என்றே வீடு திரும்பியிருப்பார்கள். ஒரு காலத்தை யார் நடிக்கிறார்கள், யாருக்காக நடிக்கிறார்கள் என்று கேட்காதவருக்கு 1911இன் காட்சியும் வெறும் கண்காட்சிதான்.

இதே கோட்டைக்குள் 91 ஆண்டுகளில் மூன்று வழக்குகள் நடந்தன. 1858 ஜனவரி முதல் மார்ச் வரை, திவானே காஸில், எண்பது கடந்த பகதூர் ஷா ஜஃபர் குற்றவாளியாக நிறுத்தப்பட்டார். 1765இல் அவருடைய பாட்டனாரிடமிருந்து வங்காளத்தின் வரிவசூல் உரிமையைப் பெற்று, 1835 வரை முகலாயர் பெயரிலேயே நாணயம் அடித்துவந்த கும்பினி, அவர்மேல் கலகக் குற்றம் சாட்டியது. 1945 நவம்பரில் ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லோன் மூவரும் மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்ததாக இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். அடிமைப்பட்ட மக்களுக்கு விடுதலைக்காகப் போரிடும் உரிமை உண்டென்று புலாபாய் தேசாய் வாதாடினார். அந்த மூன்று அதிகாரிகளுக்குப் பின்னால், மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து படையில் சேர்ந்த தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் இருந்தனர். மூன்றாவது வழக்கு 1948இல். காந்தியைக் கொன்றவர்கள் மீதான வழக்கு இக்கோட்டையில்தான் நடந்து, 1949 பிப்ரவரி 10 அன்று தீர்ப்பும் இங்கேயே வழங்கப்பட்டது. அறிவிக்கப்பட்ட பொருள்களில் இந்த மூன்றாவது வழக்குக்குத் தலைப்பில்லை. குழந்தைகள் பார்க்கும் நிகழ்ச்சியில் கொலை வழக்கா என்று கேட்கலாம். 1857ஐ நடிப்பதென்றால் அதில் கொலை இல்லையா?

பொதுமக்களுக்குச் சான்றாதாரங்கள் சலிப்பூட்டும் என்பது நிகழ்ச்சி அமைப்பாளர்களின் வழக்கமான வாதம். கோட்டையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், ஜன்பத் சாலையில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், 1857இன் அந்த நான்கு மாதங்களில் கோட்டைக்கும் நகரக் கொத்தவாலுக்கும் வந்துபோன காகிதங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. உருதுவிலும் பாரசீகத்திலும், வேகமாகக் கிறுக்கிய கையெழுத்தில். ஜஃபருக்கு எதிரான சான்றாக ஆங்கிலேயர் திரட்டியவை. இன்று அவையே தில்லி மக்களின் குரலாக எஞ்சியிருக்கின்றன. சிப்பாய்கள் பொருளை எடுத்துக்கொண்டு காசு தரவில்லை என்று கடைக்காரர் முறையிடுகிறார். படைக்கு ஆட்களும் கட்டில்களும் வண்டிகளும் திரட்டுமாறு ஆணைகள் பறக்கின்றன. மஹ்மூத் ஃபாரூக்கி அவற்றில் பலவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நூலாகவும் தந்துவிட்டார். நடிகர்கள் கிடைத்துவிட்டார்கள், விளக்குகள் கிடைத்துவிட்டன. அவர்கள் பேச வேண்டிய வசனம் 160 ஆண்டுகளுக்கும் மேலாக எழுதியே இருக்கிறது.

அந்த விண்ணப்பங்களில் ஒன்றை ஒரு நடிகர் கையில் காகிதத்தோடு வந்து வாசித்தால், மீரட்டுக் குடும்பம் எழுந்து போய்விடுமா? 1857 மே 10 இரவு மீரட்டிலிருந்து கிளம்பி மறுநாள் காலை இந்தக் கோட்டை வாயிலில் வந்து நின்ற சிப்பாய்கள், அந்தச் சிறுமியின் ஊரிலிருந்து வந்தவர்கள். ஒரு நகரமே அவர்களை வரவேற்றது. சில வாரங்களில் அதே நகரத்தின் கடைக்காரர் அவர்கள்மேல் முறையிட்டார். இரண்டும் உண்மை என்பதைப் புரிந்துகொள்ள ஒன்பது வயது போதும். வீட்டில் அண்ணன் நல்லவனாகவும் சண்டைக்காரனாகவும் இருப்பதை அவள் தினமும் பார்க்கிறாள்.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. பார்வையாளர்கள் ஒரு மண்டபத்திலிருந்து அடுத்த மண்டபத்துக்கு நடக்கும் அந்தப் புல்வெளியில், முரசை இரண்டு நிமிடம் நிறுத்தலாம். சுவரில் காட்டும் ஒளியைத் தரையில் காட்டி, இன்னின்ன இடத்தில் இடிக்கப்பட்ட முற்றமும் மாளிகைகளும் நின்றன என்று கோடுகளாக வரையலாம். குழந்தைகள் அந்தக் கோடுகளுக்குள் ஓடுவார்கள், ஒவ்வொரு அறையிலும் நின்று பார்ப்பார்கள். தாத்தாவும் குனிந்து, எந்தக் கட்டத்துக்குள் நிற்கிறோம் என்று தேடுவார்.