ஆறாம் வகுப்புக்கு எந்த ஸ்கூல்?

ஐந்தாம் வகுப்பு வரை எப்படியோ ஓடிவிடுகிறது. ஒரே கிளாஸ், ஒரே மிஸ். குழந்தை எப்போது காதைப் பொத்திக்கொள்ளும், எதற்காக மேஜைக்கு அடியில் போய் உட்காரும் என்பதெல்லாம் ஜூலை முடிவதற்குள் அவருக்குப் பழகிவிடும். 'நம்ம பிள்ளைதானே' என்று அனுசரித்துக்கொண்டு போவார்.

ஆறாம் வகுப்பில் கதையே மாறுகிறது. முக்கால் மணிக்கு ஒரு பெல், பெல்லுக்கு ஒரு டீச்சர். ஒருவர் மெதுவாகப் பேசுவார், இன்னொருவர் எழுதி முடிப்பதற்குள் போர்டை அழித்துவிடுவார். லேப் ஒரு மாடியில், கம்ப்யூட்டர் இன்னொரு மாடியில். ஆறேழு ஆசிரியர்களில் யாருக்கும் இந்தப் பிள்ளையை முழுதாகத் தெரியாது. ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ வீட்டுக்கு போன் வரும்.

"உங்க பையனை எங்களால மேனேஜ் பண்ண முடியலை மேடம். ஸ்பெஷல் ஸ்கூல் பாத்தீங்கன்னா அவனுக்கும் நல்லது..."

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரில் பலருக்கு இந்த போன் புதிதல்ல. அன்றைக்கு ராத்திரி வீடு இரண்டாகப் பிரிந்துவிடும். "நார்மல் ஸ்கூல்லதான் படிக்கணும், நாலு பேரோட பழகினாத்தானே பேச்சு வரும்" என்பார் அப்பா. "ஸ்பெஷல் ஸ்கூல்னு சொன்னா சொந்தக்காரங்க என்ன பேசுவாங்க?" என்பார் பாட்டி. தினமும் டைரியில் சிவப்பு மையைப் பார்த்துப் பார்த்து நொந்துபோன அம்மாவோ, எங்காவது நிம்மதியாக இருந்தால் போதும் என்ற நிலையில் இருப்பார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'ஸ்பெஷலா, நார்மலா?' என்பது வாசலில் மாட்டியிருக்கும் போர்டைப் பற்றிய கேள்வி. பதினொரு வயதுப் பிள்ளைக்கு ஸ்கூல் தேடுகிறவர்கள் கேட்க வேண்டியது, அங்கே அவனுடைய ஒரு நாள் எப்படிப் போகும் என்பதை. முக்கியமாக, பாடம் நடக்காத நேரம் எப்படிப் போகும் என்பதை!

1943-ல் லியோ கானர் என்ற டாக்டர் ஆட்டிசத்தைப் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதினார். அதற்குப் பிறகு எவ்வளவோ தெரிந்துகொண்டுவிட்டோம். இது மருந்து கொடுத்து விரட்டுகிற நோய் அல்ல. மூளை வளரும் விதத்திலேயே உள்ள வித்தியாசம். பேசுவது, பழகுவது, சத்தம், வெளிச்சம், தொடுதல் ஆகியவற்றை உணர்வது எல்லாம் இவர்களுக்கு வேறு மாதிரி. சிலருக்கு அறிவுத்திறன் குறைவும் சேர்ந்திருக்கும், பலருக்கு இருக்காது. நம் அரசாங்கத் தாள்களில் இதற்கு 'புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஊரில் ஓடும் பஸ் நம்பரையெல்லாம் ஒப்பிக்கிற பிள்ளைக்கா புற உலகச் சிந்தனை இல்லை? அந்தப் பெயரை வைத்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் போலிருக்கிறது. போகட்டும்.

ஸ்கூல் தேடக் கிளம்பும் முன், நாலு வயதில் எடுத்த ரிப்போர்ட்டை மூட்டை கட்டி வைத்துவிடுங்கள். அது அப்போதைய குழந்தை. இப்போது ஒருமுறை புதிதாக மதிப்பீடு செய்ய வேண்டும். எவ்வளவு புரிகிறது, எவ்வளவு சொல்ல முடிகிறது, எந்தச் சத்தம் தாங்காது, கணக்கில் எந்த வகுப்பு, வாசிப்பில் எந்த வகுப்பு என்று தனித்தனியாகத் தெரிய வேண்டும். சென்னைக்கு அருகில் முட்டுக்காட்டில் 2005-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் என்.ஐ.இ.பி.எம்.டி. நிறுவனத்தில் இதைச் செய்துகொள்ளலாம். ஆட்டிசம் சர்ட்டிபிகேட்டுக்காக நாற்பது கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோல் ஒன்றை வைத்து சதவீதம் போடுகிறார்கள். அந்த சதவீதம் சலுகைகளுக்குத்தான் உதவும். அறுபது சதவீதம் என்றால் இந்த ஸ்கூல், நாற்பது என்றால் அந்த ஸ்கூல் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பன்னிரண்டரை மணிக்குப் போய்ப் பாருங்கள்

எல்லாரும் அட்மிஷன் சமயத்தில், பத்து மணிக்கு, ஹெட்மிஸ்ட்ரஸ் ரூமில் உட்கார்ந்து ஸ்கூலைப் பார்க்கிறோம். ஏ.சி.யும் கோப்பைகளும்தான் தெரியும். அனுமதி கேட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் ஒரு ஓரமாக நில்லுங்கள். முந்நூறு டிபன் பாக்ஸ் ஒரே சமயத்தில் திறக்கிற சத்தத்தைக் கேளுங்கள். உங்கள் பிள்ளை அதில் எங்கே உட்காருவான் என்று யோசியுங்கள். கிளாஸில் பாடம் புரியாவிட்டால் ட்யூஷன் வைத்துக்கொள்ளலாம். லஞ்ச் பெல்லுக்கும் அடுத்த பெல்லுக்கும் நடுவில் தினமும் நடப்பதற்கு ட்யூஷன் கிடையாது.

இந்த வயதில்தான் மற்ற பிள்ளைகளும் மாறுகிறார்கள். மூன்றாம் வகுப்பில் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போன அதே தோழர்கள் ஏழாம் வகுப்பில், "டேய், மிஸ்கிட்ட போய் இதைச் சொல்லுடா" என்று ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லிக் கொடுப்பார்கள். இவன் போய்ச் சொல்வான். தண்டனை இவனுக்கு! அடித்தால் காயம் தெரியும். இது வீடு வரைக்கும் வராது. வந்தாலும், சட்டைக் காலரைக் கடித்துக் கிழிப்பதாகவோ, காலையில் வேன் வந்ததும் வயிற்றுவலி என்று சுருண்டு படுப்பதாகவோதான் வரும். 'ஆட்டிசம் அதிகமாயிடுச்சு' என்று டாக்டரிடம் ஓடுவோம்.

பெண் குழந்தையாக இருந்தால் பாத்ரூமை நேரில் போய்ப் பாருங்கள். வயதுக்கு வரும் பருவம் இது. தாழ்ப்பாள் போடத் தெரியுமா, நாப்கின் மாற்ற உதவி தேவைப்பட்டால் யார் வருவார்கள், அந்த ஆயாவின் பெயர் என்ன? கூச்சப்படாமல் கேளுங்கள். பெயர் சொல்லத் தெரியாத ஸ்கூலில் அப்படி ஒருவர் இல்லை என்றுதான் அர்த்தம்.

இன்னொரு கேள்வி: "ஒரு பிள்ளை தாங்க முடியாம அழுதா எங்கே கூட்டிட்டுப் போவீங்க?" நல்ல ஸ்கூலில் உடனே ஒரு இடத்தைக் காட்டுவார்கள். லைப்ரரி மூலையாக இருக்கலாம், படிக்கட்டுக்குப் பக்கத்து ரூமாக இருக்கலாம். "இங்கே யாரும் அப்படி அழ மாட்டாங்க" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடலாம்.

'சேர்த்துக்கொண்டோம்' என்று பெருமையாகச் சொல்லும் பெரிய ஸ்கூல்களிலும் எச்சரிக்கையாக இருங்கள். அட்டெண்டன்ஸில் பெயர் இருக்கும், குரூப் போட்டோவில் முகம் இருக்கும். நாள் பூராவும் பிள்ளை கடைசி பெஞ்சிலோ, தனி ரூமிலோ கலர் அடித்துக்கொண்டிருப்பான். பதிமூன்று வயதில் யானைப் படத்துக்குக் கலர்! அதே சமயம், ஸ்பெஷல் ஸ்கூல் என்றாலே சரியாக இருக்கும் என்றும் நம்பிவிட வேண்டாம். எட்டு வயதும் பதினெட்டு வயதும் ஒரே அறையில் உட்கார்ந்து மணி கோக்கும் இடங்களும் உண்டு. பின்னக் கணக்கு போடத் தெரிந்த பையன் அங்கே போனால் ஒரு வருஷத்தில் அதையும் மறந்துவிடுவான். ஆனால் பேச்சு வராத பிள்ளைக்குப் படம் காட்டியோ, டேப்லெட்டைத் தட்டியோ தன் விருப்பத்தைச் சொல்லக் கற்றுக்கொடுத்து, பஸ் ஏறவும் கடையில் சில்லறை வாங்கவும் பழக்குகிற ஸ்பெஷல் ஸ்கூல் கிடைத்தால் அதைத் தோல்வி என்று நினைப்பது அறியாமை.

இரண்டுக்கும் ஒரே உரைகல்தான். இந்தப் பிள்ளைக்கென்று எழுதிய ஒரு கல்வித் திட்டம் இருக்கிறதா? அடுத்த ஆறு மாதத்தில் எதைக் கற்றுக்கொள்வான், யார் கற்றுத் தருவார், எப்போது சரிபார்ப்பார்கள் என்று பேப்பரில் இருக்க வேண்டும். வாயால் சொல்வதெல்லாம் டீச்சர் மாறினால் போயிற்று. சிறப்பாசிரியர் ஒருவர் இருப்பதாகச் சொன்னால் அவர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார் என்று கேளுங்கள். 2022-ல் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைத் திருத்தி, நடுநிலை வகுப்புகளில் இப்படிப்பட்ட 15 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று அரசு கணக்கு வைத்திருக்கிறது. நாற்பது பேருக்கு ஒருவர் என்றால் உங்கள் பிள்ளைக்கு அவர் குட்மார்னிங் சொல்லத்தான் நேரம் இருக்கும்.

கூடவே உட்கார ஒரு 'ஷேடோ டீச்சரை' நீங்களே சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்கிற ஸ்கூல்கள் பெருகிவிட்டன. சில பிள்ளைகளுக்கு ஆரம்பத்தில் அது தேவைதான். ஆனால் அவர் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தால், மற்ற பிள்ளைகள் இவனிடம் பேசாமல் அவரிடம் பேசுவார்கள், "ஆன்ட்டி, அவனுக்கு பால் வேணுமான்னு கேளுங்க" என்று. கிளாஸ் டீச்சருக்கும் பொறுப்பு விட்டுப்போய்விடும். எப்போது அவர் ஒரு பெஞ்ச் தள்ளி உட்காருவார், எப்போது வாசலுக்குப் போவார் என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள்.

நம்மில் பலர் எட்டிக்கூடப் பார்க்காத இடம் ஒன்று உண்டு. பக்கத்துத் தெரு அரசு நடுநிலைப் பள்ளி. 'அங்கேயா?' என்று முகம் சுளிக்க வேண்டாம். வகுப்புக்கு இருபது பிள்ளைகள், மரத்தடி, அவசரப்படாத ஆசிரியர் என்று அமைந்துவிட்டால், ஐம்பது பேரை அடைத்து வைத்திருக்கும் பெயர் பெற்ற மெட்ரிக் பள்ளியைவிட உங்கள் பிள்ளையின் காதுக்கு அது நல்லது. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்களும் பிசியோதெரபி வசதியும் உண்டு. எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நடப்பதில்லை என்பதால் நேரில் விசாரிக்க வேண்டும். தமிழ் மீடியமா என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் பேசும் மொழியை நிறுத்தி இங்கிலீஷ் மட்டும் பேசச் சொல்லி அறிவுரை தருகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு கெடுகிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. தாத்தாவோடு பேசும் மொழியைப் பிடுங்கிவிட்டு அவனுக்கு நாம் என்ன தரப்போகிறோம்?

டி.சி. வாங்கிக்கொள்ளச் சொன்னால்?

எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் தர மாட்டார்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்கிறது 2009-ன் கல்வி உரிமைச் சட்டம். (சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு 2014-ல் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்திலிருந்து விலக்கு கொடுத்தது.) 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் சேர்க்கப்பட்டுள்ளது. நாற்பது சதவீதத்துக்குக் குறையாத பாதிப்புள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு, அருகாமைப் பள்ளியிலோ தாங்கள் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமையை அது தருகிறது. விருப்பம் உங்களுடையது, ஸ்கூலுடையது அல்ல என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் ஒன்று. சட்டத்தால் பெஞ்சில் இடம் பிடிக்கலாம். பிள்ளையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் டீச்சரைச் சட்டத்தால் சிரிக்க வைக்க முடியாது. வருஷ நடுவில் துரத்தாமல் இருக்கவும், நிதானமாக வேறு இடம் தேட அவகாசம் கிடைக்கவும் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். வீம்புக்காகப் பிள்ளையை அங்கேயே உட்கார வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கோர்ட்டுக்குப் போவது நாம், தினமும் அந்த வகுப்புக்குள் போவது அவன்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அப்பாக்கள் கடைசியில் கேட்பது: "அதெல்லாம் சரி, டென்த் எப்படி எழுதுவான்?"

இந்தப் பயம்தான் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளைத் தின்றுவிடுகிறது. வழி இருக்கிறது சார்! மாநிலப் பாடத்திட்டத்தில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. உரிய சான்றிதழோடு பள்ளி மூலம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். சி.பி.எஸ்.இ.யில் மணிக்கு இருபது நிமிஷம் வீதம் கூடுதல் நேரமும், பாடங்களை மாற்றி எடுக்க வசதியும் உண்டு. இவை இரண்டும் ஒத்துவராவிட்டால் என்.ஐ.ஓ.எஸ். என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஐந்து பாடம் போதும். ஓவியம், மனையியல், டேட்டா என்ட்ரி என்று பிள்ளைக்குப் பிடித்ததை எடுக்கலாம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, ஐந்து வருஷத்தில் பிரித்து எழுதலாம். எட்டாம் வகுப்பின் அரையாண்டு சமயத்தில் எந்த வழி என்று உட்கார்ந்து பேசினால் போதும். அதுவரைக்கும் வாசிப்பு, கணக்கு, தன் வேலையைத் தானே செய்வது, உதவி கேட்பது, 'வேண்டாம்' என்று சொல்வது இவைதான் சிலபஸ்.

ஸ்கூலைத் தீர்மானித்துவிட்டீர்களா? ஜூன் முதல் தேதி யூனிஃபார்ம் போட்டு நேரே கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். மே மாதத்தில், ஆள் இல்லாத நேரத்தில் இரண்டு மூன்று தடவை கூட்டிக்கொண்டு போங்கள். கேட், வகுப்பறை, பாத்ரூம், தண்ணீர்க் குழாய், அழுதால் போகும் அந்த ரூம், கிளாஸ் டீச்சரின் முகம் எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடித்து, பிரின்ட் போட்டு ஒரு சின்ன ஆல்பமாக்கித் தினமும் ராத்திரி புரட்டுங்கள். டீச்சருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுங்கள்: இவனுக்கு என்ன பிடிக்கும், எது தாங்காது, கோபம் வருவதற்கு முன்னால் என்ன செய்வான், எப்படிச் சமாதானம் ஆவான். ஆறேழு டீச்சர் என்றால் ஆறேழு ஜெராக்ஸ். வேன் டிரைவருக்கும் ஒன்று கொடுங்கள். காலையில் அவனை முதலில் பார்ப்பவர் அவர்தான்.