எண்ணும் அதன் உடையும்

பத்தின் அடிமானம் கைவிரல்கள் தந்த வழக்கமேயன்றி எண்ணின் இயல்பன்று. 31 பகா எண். எவ்வடிமானத்தில் எழுதினும் பகா எண்ணே. அங்ஙனமாயின் உடைமாற்றிப் பார்ப்பது வீண் விளையாட்டு என்பார் சிலர். அவர் கூற்றுப் பொருந்தாது. பத்தின் உடையில் மறைந்திருப்பது பிறிதோர் உடையில் புலப்படும்.

31-ஐ இரண்டின் அடிமானத்தில் எழுதின் 11111. ஐந்தின் அடிமானத்தில், 25, 5, 1 என்னும் இடமதிப்புகளால், 111. இரண்டிலும் ஒன்றன்றி வேறு இலக்கமில்லை! 8191 என்னும் பகா எண்ணோ இரண்டின் அடிமானத்தில் பதின்மூன்று ஒன்றுகளாகவும், தொண்ணூற்றின் அடிமானத்தில் மூன்றே ஒன்றுகளாகவும் நிற்கும். 8100, 90, 1 எனக் கூட்டிக் காண்க. (இரண்டு ஒன்றுகளால் அமைவது எளிது, அதனை விடுக.) பெல்ஜிய நாட்டுக் கூர்மாக்டிக் 1917-இல் ஆராய்ந்த இவ்வகையில், மூன்றாம் எண் இன்றளவும் அகப்பட்டிலது, இல்லையென நிறுவினாரும் இலர்.