சபைக்கு ஏன்யா போகணும்?

"கடவுள் எல்லா இடத்துலயும் இருக்கார்ல? அப்புறம் எதுக்கு ஞாயித்துக்கிழமை அடிச்சுப் பிடிச்சு சர்ச்சுக்கு ஓடணும்?"

ஓஎம்ஆர் பக்கம் பொட்டி தட்டுற கிறிஸ்தவப் பசங்க நாலு பேர் சேர்ந்து டீ குடிச்சா, இந்தக் கேள்வி வராம இருக்காது. முன்னாடி இது சும்மா தூக்கத்துக்கு ஒரு சாக்கு. 2020க்கு அப்புறம் கொஞ்சம் கெத்தாவே கேக்குறாங்க, ஏன்னா இப்ப கையில மாற்று இருக்கு. படுக்கையில சாஞ்சுக்கிட்டே யூட்யூப்ல ஆராதனை. பிரசங்கம் போரடிச்சா ஒன்றரை மடங்கு வேகம், காணிக்கைக்கு ஜிபே. இதுல என்ன குறைங்கிறீங்க?

குறை இருக்குன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. கிறிஸ்தவர் அல்லாத நண்பர்கள் 'இது நம்ம ஏரியா இல்ல'ன்னு ஓடிறாதீங்க. விருதுநகர், சிவகாசிப் பக்கத்து சமாச்சாரமும் நிறைய வரும்.

முதல்ல ஒண்ணை ஒத்துக்கணும். 2020 மார்ச்சில ஊரடங்கு போட்டப்போ ஆன்லைன் ஆராதனை சரியான காரியம்தான். தமிழ்நாட்டுல வழிபாட்டுத் தலங்கள் முழுசாத் திறக்க அந்த வருஷம் செப்டம்பர் ஆயிருச்சு. 2021ல ஆகஸ்ட்லேர்ந்து அக்டோபர் வரைக்கும் வெள்ளி, சனி, ஞாயிறு மூடி வச்சாங்க, கிறிஸ்தவனுக்கு ஞாயிறு போனா மிச்சம் என்ன இருக்கு? 2022 ஜனவரியில மறுபடியும் ஞாயிறு முழு ஊரடங்கு. அந்த நாள்ல மொபைல்ல தெரிஞ்ச ஐயர் முகம் பல வீட்டுக்கு ஆறுதலா இருந்தது நிஜம். வயசானவங்க, படுக்கையில கிடக்கிறவங்களுக்கு இன்னைக்கும் அது தேவை. அதை நிறுத்தணும்னு சொல்றவன் நான் இல்ல.

நான் பேசுறது கையும் காலும் நல்லா இருக்கிற நம்மளைப் பத்தி.

நம்ம தொழில் பாஷையில சொன்னா, ஆன்லைன் ஆராதனை யுடிபி மாதிரி. அனுப்புறவன் அனுப்பிக்கிட்டே இருப்பான், பாக்கெட் போய்ச் சேர்ந்துச்சா, வழியில விழுந்துச்சான்னு அவனுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். சபை டிசிபி மாதிரி. கை குலுக்கித்தான் ஆரம்பிக்கும், பதில் வரலைன்னா 'என்ன ஆச்சு?'ன்னு மறுபடி கேக்கும். (நெட்வொர்க் ஆளுங்க அடிக்க வராதீங்க, உதாரணம்தான் :-)) மூணு வாரம் நீங்க வரலைன்னா யூட்யூபுக்கு ஒண்ணுமே ஆகாது. சின்ன சபையில மூணாவது வாரம் உபதேசியார் சைக்கிளோ டிவிஎஸ்ஸோ உங்க வீட்டு வாசல்ல நிக்கும். பல பேருக்கு இதுதான் தொல்லை, எனக்குத் தெரியும். 'அவருக்கு என்ன வந்துச்சு, நான் எங்க போனா?' அந்தத் தொல்லைதான் சபை. அது வேண்டாம்னா உங்களுக்கு வேண்டியது பிரசங்கம் மட்டும்தான், அது கேசட் காலத்துலயே கிடைச்சுது.

எங்க பக்கத்துல இந்தத் தொல்லைக்கு வேற அர்த்தம் உண்டு. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் யாரும் ஃபேக்டரின்னு சொல்ல மாட்டாங்க. பயர் ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ், அவ்வளவுதான். காலையில வேன் வந்து ஊர் ஊரா ஆள் ஏத்திட்டுப் போகும். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு ஒரு நாள்தான் உடம்புக்கு ஓய்வு. காலையில 'ஆபீஸ்' போறவங்க சாயங்காலம் வந்து சேருவாங்கங்கிறது எழுதப்படாத நம்பிக்கை. அந்த நம்பிக்கை பொய்யாப்போன நாளுங்க உண்டு. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 38 பேருக்குக் குறையாம போனாங்க. 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளம், இருபது பேருக்கு மேல. நியூஸ்ல வராத ஒண்ணு ரெண்டு பேர் சாவு வருஷா வருஷம் தனி.

விபத்து நடந்த அன்னைக்கு எல்லாரும் வருவாங்க. கேமரா வரும், மந்திரி வருவார், நிவாரணம் அறிவிப்பாங்க. நான் கேக்குறது நாப்பதாவது நாள் பத்தி. தீக்காயம் சட்டுனு ஆறுற காயம் இல்ல. மதுரை பெரியாஸ்பத்திரியில வாரக்கணக்குல கிடக்கணும், தோல் ஒட்டணும், கூட ஆள் இருக்கணும். அந்த ஆளும் தினக்கூலியா இருந்தா ரெண்டு வருமானம் போச்சு. வீட்டுல புள்ளைங்களுக்குச் சோறு யார் பொங்குறது, ஸ்கூல் ஃபீஸ் யார் கட்டுறது, ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவுல யார் மாத்தி உக்காருறது? இந்த வேலைக்குத் திடீர்னு ஆள் சேர்க்க முடியாது. ஏற்கெனவே வாராவாரம் முகம் பாத்து, பேர் தெரிஞ்சு, சண்டை போட்டு, சமாதானம் ஆன கூட்டம் ஒண்ணு இருந்தாத்தான் முறை போட்டு நிக்கும். பெண்கள் ஐக்கிய சங்கத்துல பத்து அம்மாக்கள் போதும். லட்சம் சப்ஸ்கிரைபர் இருக்கிற சேனல் உங்க பேரைச் சொல்லி ஜெபிக்கலாம், வராந்தாவுல வந்து உக்காராது.

இது கிறிஸ்தவனுக்கு மட்டும் சொந்தமான வித்தைன்னு நான் சொல்லலை. விருதுநகர்க்காரனுக்கு இதைப் புதுசா யாரும் சொல்லித்தரவும் வேண்டாம். நாடார் உறவின்முறை மகமை பிரிச்சு, வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியிலயே சத்திரிய வித்தியாசாலையை எழுப்பிக் காட்டிட்டாங்க. காமராஜர் படிச்ச பள்ளிக்கூடம். ஒரு பிடி அரிசி ஒரு வீட்டுக்கு ஒண்ணுமே இல்ல, ஊர் கூடினா பள்ளிக்கூடம். நம்ம சபையில ஞாயிறு தோறும் கொண்டுவர்ற பிடி அரிசிக் காணிக்கையும் அதே கணக்குதான். ஜமாத்துலயும் இது உண்டு. ஆக, கூடுறவனுக்குத்தான் கைகொடுக்க ஆள் இருக்குங்கிறது எங்க மண்ணுல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். இங்கிலீஷ் படிச்சு மெட்ராஸ் வந்த நமக்குத்தான் மறந்து போச்சு.

'இதெல்லாம் சமூகசேவை, ஆன்மிகம் எங்க?'ன்னு கேக்குறவங்களுக்கு: ரெண்டையும் பிரிச்சது நீங்கதான், ஆதிச் சபை பிரிக்கலை. எபிரேயர் 10:25 எல்லாருக்கும் தெரிஞ்ச வசனம், கன்வென்ஷன்ல தலையில குட்டுறதுக்குன்னே வச்சிருக்காங்க. ஆனா அதுக்கு முந்தின வசனத்தைப் பாருங்க. ஒருத்தரை ஒருத்தர் அன்புக்கும் நல்ல செயலுக்கும் தூண்டிவிடுறதைப் பத்திப் பேசுது. அதைத் தனியா உக்காந்து எப்படிச் செய்யுறது? வராம நின்னுட்டவங்க அப்பவே இருந்திருக்காங்கங்கிறதும் அந்த வசனத்துலயே தெரியுது. நம்ம ஜெனரேஷன் கண்டுபிடிச்ச வியாதி இல்ல :-)

கி.பி. 112 வாக்குல பித்தினியா ஆளுநர் பிளினி, டிராஜன் பேரரசருக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தக் கிறிஸ்தவங்க குறிப்பிட்ட ஒரு நாள்ல விடியுறதுக்கு முன்னாடி கூடுறாங்க, பாடுறாங்க, திருட மாட்டோம், வாக்கு மாற மாட்டோம்னு உறுதி எடுக்கிறாங்க, கலைஞ்சு போய் அப்புறம் சேர்ந்து சாப்பிடுறாங்கன்னு. ஏன் விடியுமுன்னே? அன்னைக்கு ஞாயிறு லீவு கிடையாது. ரோமப் பேரரசுல ஞாயித்துக்கிழமை ஓய்வுநாள் ஆனது 321ல கான்ஸ்டன்டைன் போட்ட சட்டத்தாலதான். அதுவரைக்கும் முந்நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைய, அடிமையும் கூலிக்காரனும் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி எந்திரிச்சு வந்து கூடியிருக்கான். 155 வாக்குல ஜஸ்டின் எழுதினதுல இன்னொரு விவரம் கிடைக்குது. வர முடியாதவங்களுக்கு அப்பமும் ரசமும் உதவிக்காரங்க கையில கொடுத்தனுப்புவாங்களாம். சேர்ந்த காணிக்கை அநாதை, விதவை, நோயாளி, ஜெயில்ல இருக்கிறவங்களுக்கு. பாத்தீங்களா, வராதவன் லிஸ்ட் அப்பவே கையில இருந்திருக்கு. 304ல வட ஆப்பிரிக்காவுல அபிதினாங்கிற ஊர்ல ஞாயிறு கூட்டம் நடத்தினதுக்காகவே 49 பேரைப் பிடிச்சுட்டுப் போனாங்க. வீட்டுலயே ஜெபம் பண்ணிக்கிறோம்னு அவங்களும் சொல்லியிருக்கலாம்.

உள்ளூருக்கு வருவோம். சிவகாசிச் சபைக் கதையில தாமஸ் ராக்லண்ட் பேரை விட முடியாது. கேம்பிரிட்ஜ்ல கணிதத்துல நாலாவது இடம் வாங்கினவர் (1841). 1854ல கூட ரெண்டு பேரைச் சேர்த்துக்கிட்டு வட திருநெல்வேலிக் கரிசக்காட்டுல கூடாரம் அடிச்சு ஊர் ஊராப் போனார். ஏற்கெனவே காசநோய். 1858 அக்டோபர் 22ம் தேதி சிவகாசியிலேயே உயிர் போச்சு. அவரைப் பத்தி எல்லாரும் பேசுவாங்க. எனக்குப் பிடிச்சது அந்தக் கதையோட ஓரத்துல இருக்கு. தெற்கே ஏற்கெனவே வேர்விட்டிருந்த சபைங்க, தங்க உபதேசிமார்களை முறைபோட்டு வடக்கே அனுப்பிச்சாங்க, செலவும் அவங்களே. கூடாரத்துல தனியா திரிஞ்ச வெள்ளைக்காரருக்குப் பின்னாடி, ஒழுங்காக் கூடி, ஒழுங்காக் காணிக்கை போட்ட பனங்காட்டுக் கிராமத்து ஜனங்க இருந்தாங்க. அவங்க பேர் எந்தப் புத்தகத்துலயும் இல்ல.

சரி, இப்ப கஷ்டமான இடம்.

"கூடு கூடுங்கிறியே, உங்க சபையில என்ன நடக்குதுன்னு தெரியுமா? எலெக்‌ஷன், கோர்ட் கேஸ், கமிட்டிச் சண்டை." தெரியும். திருமண்டலத் தேர்தல் சமயத்துல நம்மாளுங்க போடுற ஆட்டத்தைப் பாத்தா உள்ளாட்சித் தேர்தல் தோத்துடும். இதுக்காக விலகினவங்க மேல எனக்குக் கோபம் வரலை. ஆனா ஒண்ணு, ஒழுங்கானவங்க எல்லாம் வீட்டுல உக்காந்து லைவ் பாத்தா கமிட்டிக்கு நிக்கிறது யாரு?

இதைவிடப் பெரிய கேள்வி சாதி. இதுக்கு மழுப்பலா பதில் சொன்னா இந்தப் பதிவே வேஸ்ட். வடக்கன்குளத்துல 1870கள்ல சர்ச் கட்டும்போதே ரெண்டு சாதிக்கு நடுவுல சுவர் வச்சுக் கட்டினாங்க, 1910ல தான் இடிச்சாங்க. (ஆ. சிவசுப்பிரமணியன் எழுதின 'கிறித்தவமும் சாதியும்' படிக்காதவங்க படிங்க.) விழுப்புரம் பக்கம் எறையூர்ல 2008 மார்ச்சில இதே பிரச்சினையில துப்பாக்கிச் சூடு வரைக்கும் போய் ரெண்டு உயிர் போச்சு. எங்க பக்கத்துலயும் ஒரே ஊர்ல தெருவுக்கு ஒரு சபை, கல்லறைத் தோட்டம் வேற வேற, பெண் கொடுக்கல் வாங்கல் பேச்சே கிடையாது. இங்கெல்லாம் கூடுறது யாரோடங்கிற கேள்வி வருமா வராதா?

வரும், வரணும். பவுலே இதைக் கேட்டிருக்கார். கொரிந்து சபையில இருக்கிறவன் முன்னாடியே தின்னு தீர்க்க, இல்லாதவன் பட்டினியா நிக்க, 'நீங்க கூடுறதுனால நன்மையை விடக் கெடுதிதான்'ங்கிற தொனியில எழுதுறார் (1 கொரிந்தியர் 11). ஆனா அவர் சொன்ன வைத்தியத்தைப் பாருங்க. அவங்கவங்க வீட்டுல திருவிருந்து எடுத்துக்கோங்கன்னு சொல்லலை. ஒருத்தருக்காக ஒருத்தர் காத்திருங்கன்னார். பந்தியைக் கலைக்கலை, பந்தியைத் திருத்தினார். ஆன்லைன்ல சாதி தெரியாதுன்னு ஒரு நண்பர் சொன்னார். தெரியாதுதான், பக்கத்துல யாருமே இல்லையே! பட்டாசு ஆபீஸ் வச்சிருக்கிறவரும் அவர்கிட்ட மருந்து செலுத்துறவரும் ஒரே கிண்ணத்துல குடிக்க வேண்டிய கட்டாயம் யூட்யூப்ல வராது. நேர்ல கூடினாத்தான் சுவர் இருக்கிறது கண்ணுக்குத் தெரியும், தெரிஞ்சாத்தான் இடிக்க முடியும். என் பார்வையில, கூடுறது போதாதுங்கிறதுக்கு இது காரணம். கூட வேண்டாம்ங்கிறதுக்கு இல்ல. அசனத்துல இதைச் சோதிச்சுப் பாக்கலாம். கறிக்குழம்பு எல்லாருக்கும் ஒரே அண்டாவுலதான், பக்கத்துல யார் உக்காருறாங்கன்னு பாருங்க, சபை எங்க நிக்குதுன்னு தெரிஞ்சிரும்.

சபைக்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. 'ஒழுங்கா வரணும்'னு ஆள்களைப் பாத்து மட்டும் சொல்லிக்கிட்டு இருக்கோம். தீபாவளி நெருங்குற மாசங்கள்ல ஞாயித்துக்கிழமையும் வேலை ஓடுது. பீஸ் ரேட்டுல வேலை பாக்குறவங்களுக்கு அந்த நாலஞ்சு ஞாயிறுதான் புள்ளைங்களோட ஜூன் மாசத்து ஃபீஸ். 2018 அக்டோபர்ல உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, ஆபீசுகள் மாசக்கணக்குல பூட்டிக் கிடந்ததுக்கு அப்புறம், கிடைக்கிற வேலையை விடுறதுக்கு யாருக்கும் தைரியம் இல்ல. அவங்களைப் பாத்து 'உலக ஆசை'ன்னு மேடையில பேசுறது அநியாயம். காலை ஒன்பது மணி ஆராதனைங்கிறது வேதத்துல இல்ல, பிரிட்டிஷ்காரன் வச்ச டைம். பிளினி பாத்த ஜனங்க மாதிரி அஞ்சு மணிக்கே ஒரு ஆராதனை வைக்கலாம், வேன் வர்றதுக்கு முன்னாடி முடிஞ்சிரும். இல்லைன்னா ராத்திரி ஏழரைக்கு. ஐயர் ஒரு ஆள் நாலஞ்சு ஊரைப் பாக்கணும்னா திருவிருந்துக்கு முறை வச்சுக்கலாம், ஜெபத்தை உபதேசியாரும் சபை மூப்பர்களும் நடத்தட்டும்.

மெட்ராஸ், பெங்களூர்ல இருக்கிற நம்மாளுங்களுக்கு: ஊர்ச் சபை லைவ்வை இங்க இருந்து பாத்துட்டு 'நான் ஊர்ச் சபையை விடலை'ன்னு சொல்லிக்காதீங்க. அங்க உங்க சங்கக் காணிக்கை போகும், நீங்க போக மாட்டீங்க. இருக்கிற ஊர்ல பக்கத்துல இருக்கிற ஒரு சபையில சேருங்க, பாட்டு சுமாரா இருந்தாலும் சரி. வேளச்சேரிப் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒரு சின்ன சபையில ஞாயிறு காலை ஆர்மோனியத்துக்கு ஆள் இல்லாம மூணு மாசமா தேடுறாங்க. வாசிக்கத் தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க, கூட்டிட்டுப் போறேன்.