தோள்பட்டையை ஆணி அடிச்சு வைக்காதீங்க!

முன்னெச்சரிக்கை: கொஞ்சம் நீளம், கொஞ்சம் கோவம். சினிமா, கிரிக்கெட் எதிர்பார்த்து வந்தவங்க அடுத்த வாரம் வரவும்.

போன மாசம் செமஸ்டர் லீவுக்கு முத்தையாபுரம் போயிருந்தேன். அத்தை வீட்டுக்குப் போனா, அவங்க கொடியில துணி காயப் போட்டுட்டு இருந்தாங்க. இடது கையால வலது முழங்கையைப் பிடிச்சு, மேல தள்ளி, அப்புறமா துணியைப் போடுறாங்க. என்னத்தை இதுன்னு கேட்டேன். "எய்யா, தலைக்குச் சீப்பு கொண்டு போக முடியல. ராத்திரி இந்தப் பக்கம் ஒருச்சாய்ச்சுப் படுக்க முடியல. அஞ்சு மாசமாச்சு" அப்படின்னாங்க. அத்தை இருபது வருஷத்துக்கு மேல உப்பளத்துல வேலை. பாத்தியில வாரி வச்ச உப்பை சட்டியில அள்ளி, தலையில சுமந்து, கரையில அம்பாரமாக் கொட்டுற வேலை.

டவுன்ல ஒரு இடத்துல காமிச்சிருக்காங்க. ஒரு எக்ஸ்ரே. பத்து நாள் கரண்ட் வைத்தியம். ஒவ்வொரு நாளும் அரை நாள் கூலி போச்சு, பஸ் காசு தனி. கடைசி நாள் ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுத்து அனுப்பிட்டாங்க. பத்திரமா ரேஷன் கார்டுக்குள்ள மடிச்சு வச்சிருந்ததை எடுத்துக் காட்டினாங்க.

அந்தத் தாளைப் பார்த்ததுல இருந்துதான் எனக்கு இந்தக் கடுப்பு.

ஆறு படம். ஆறுலயும் ஒரு வெள்ளைக்காரம்மா, சக்கரம் வச்ச நாற்காலி, முன்னாடி கம்ப்யூட்டர். முதல் படத்துக்குக் கீழ: தோளைக் கீழே இறக்கி, பின்னால் இழுத்து, பத்து எண்ணும் வரை பிடிக்கவும். ரெண்டாவது, மூணாவதும் கிட்டத்தட்ட அதேதான். எல்லாத்துக்கும் கீழ கொட்டை எழுத்துல: கனமான பொருட்களைத் தூக்கக் கூடாது. உப்பு சுமக்குற பொம்பளைக்கு!

நான் டாக்டர் இல்ல, பிஸியோதெரபியும் படிக்கல. பிசிக்ஸ் ரெண்டாவது வருஷம். ஆனா நெம்புகோல்னா என்னன்னு தெரியும். அந்தத் தாள்ல இருக்கற தப்பைப் பிடிக்க அது போதும்.

முதுகுல ரெண்டு பக்கமும் சிறகு மாதிரி ஒரு முக்கோண எலும்பு இருக்குல்ல, அதுதான் தோள்பட்டை எலும்பு, ஸ்காபுலா. கை தொங்குற கிண்ணம் இந்த எலும்போட ஓரத்துலதான் இருக்கு. கையைத் தலைக்கு மேல தூக்குறப்போ கை மட்டும் மேல போறதில்ல. 1944-லயே இன்மேனும் கூட்டாளிகளும் அளந்து சொன்ன கணக்கு: மொத்தம் 180 டிகிரின்னா, பந்துக் கிண்ண மூட்டுல 120, தோள்பட்டை எலும்பு சுழல்றதுல 60. அதாவது ரெண்டுக்கு ஒண்ணு. (ஆளுக்கு ஆள், கோணத்துக்குக் கோணம் இந்த விகிதம் மாறும்னு பின்னாடி வந்த அளவுகள் சொல்லுது. ஆனா எலும்பு சுழல்றதுங்கறதுல யாருக்கும் சந்தேகமில்ல.)

சுழல வைக்கிறது யாரு? விலாப் பக்கத்துல இருந்து வர்ற செரேட்டஸ் ஆன்டீரியர்னு ஒரு தசை, கழுத்துல இருந்து வர்ற மேல் ட்ரெபீசியஸ், நடு முதுகுல இருந்து வர்ற கீழ் ட்ரெபீசியஸ். ஒரு ஸ்டீயரிங்கை மூணு கை மூணு திசையில பிடிச்சு ஒரே பக்கமாத் திருப்புற மாதிரி. எலும்போட கீழ் முனை விலாப் பக்கமா வெளியில போகணும், கிண்ணம் மேல பார்க்கணும், எலும்பு லேசா பின்னால சாயணும். அப்பத்தான் கை லகுவா மேல போகும்.

இப்ப அந்தத் தாளைத் திருப்பிப் பாருங்க. கீழே இறக்கு, பின்னால இழு, பிடிச்சு வை. எந்த எலும்பு மேல நோக்கிச் சுழலணுமோ, அதையே கீழ இழுத்து ஆணி அடிக்கச் சொல்றாங்க! நம்ம துறைமுகத்துல கிரேனோட அடிபீடத்தைக் கட்டிப்போட்டுட்டு, சுத்தி வந்து கன்டெய்னரைத் தூக்குன்னா எப்படி இருக்கும்? அத்தை அதை ஒழுங்கா ரெண்டு மாசம் செஞ்சிருக்காங்க. அளத்துலயும் தோளை இறுக்கிக் கீழ பிடிச்சுக்கிட்டே சட்டியைத் தலைக்கு ஏத்திப் பார்த்திருக்காங்க. வலி கூடத்தான் செஞ்சிருக்கு.

நாற்காலியில எட்டு மணி நேரம் கூனி உட்கார்றவங்களுக்கு அப்பப்போ தோளை விரிச்சு விட்டா சுகமாத்தான் இருக்கும். தரையில இருந்து கனமா இழுத்துத் தூக்குறவனுக்கும் அந்தப் பிடி உதவும். அதையெல்லாம் மறுக்கல. ஆனா கையைத் தலைக்கு மேல வச்சே பொழைக்கிறவங்களுக்கு அதையே கொடுக்கிறது, வந்தது யாருன்னு ஏறெடுத்துக்கூடப் பார்க்காததுக்கு அடையாளம்.

அடுத்தது பயமுறுத்தல். "உன் பட்டை எலும்பு ஓடுறது சரியில்ல, ஜவ்வு தேஞ்சிருச்சு"ன்னு அத்தைகிட்ட சொல்லியிருக்காங்க. அதுல இருந்து அவங்களுக்குக் கையை அசைக்கவே பயம். எலும்பு ஒழுங்கா ஓடாததுக்கு ஸ்காபுலர் டிஸ்கைனீசியான்னு பேர் இருக்கு. பேர் பெரிசா இருக்கே தவிர, வலியே இல்லாதவங்க முதுகைப் பார்த்தாலும் அதே கோணல் ஏகப்பட்ட பேருக்கு இருக்கும். பந்து போடுற பசங்களோட வலது தோளும் இடது தோளும் ஒரே மாதிரியா இருக்கு? ஜவ்வு கிழியறதும் அப்படித்தான். 1995-ல ஷெரும் குழுவினரும் தோள் வலியே இல்லாத 96 பேரை ஸ்கேன் எடுத்தாங்க. அறுபது வயசுக்கு மேல உள்ளவங்கள்ல 54 சதவீதம் பேருக்குத் தோள் தசைநார்ல கிழிசல் இருந்துச்சு. வலியில்லாமலே! ஸ்கேன்ல தெரியறதெல்லாம் வலிக்குக் காரணம்னா இந்த ஊர்ல பாதிப் பெருசுங்க கத்திக்கிட்டே திரியணும்.

ஆபரேஷன்? எலும்பு உரசுதுன்னு சொல்லிச் சீவி விடுற ஆபரேஷன் உலகம் பூரா லட்சக்கணக்குல நடந்துச்சு. இங்கிலாந்துல 313 பேரை வச்சு ஒரு சோதனை பண்ணி 2018-ல லான்செட்ல போட்டாங்க. ஒரு குழுவுக்கு நிஜமாச் சீவினாங்க. இன்னொரு குழுவுக்குத் துளை போட்டு உள்ள பார்த்துட்டு ஒண்ணும் செய்யாம மூடிட்டாங்க. ரெண்டு குழுவுக்கும் குணமானதுல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசமே இல்ல. அதுக்கப்புறம் 2019-ல அந்த ஆபரேஷன் வேண்டாம்னு அழுத்தமாவே வழிகாட்டுதல் வந்துச்சு.

"அப்ப உடற்பயிற்சிதானே வழி, பத்து தடவை வந்து எங்ககிட்ட செய்யட்டும்"னு சிலர் சொல்லலாம். அதுக்கும் பதில் இருக்கு. 2021-ல, அதே லான்செட்ல, 708 பேரை வச்சு இன்னொரு சோதனை. ஒரு குழுவுக்கு ஆறு தடவை வரைக்கும் வரவழைச்சுப் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு ஒரே ஒரு தடவை உட்கார வச்சுப் பொறுமையாச் சொல்லிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். ஊசி போட்டதும் நாள்பட எந்தக் கூடுதல் லாபமும் தரல. அத்தை பத்து நாள் கூலியைத் தொலைச்சு வாங்கினது கரண்ட். அவங்களுக்குத் தேவைப்பட்டது ஒரு அரை மணி நேரப் பேச்சு. அதை மட்டும் யாரும் கொடுக்கல.

(அரசு ஆஸ்பத்திரியில நூறு பேர் வரிசையில நிக்கிறப்போ அரை மணி நேரத்துக்கு எங்க போறதுன்னு அங்க வேலை பார்க்கிற பிஸியோக்கள் கேட்கலாம். நியாயம். என் கோவம் அவங்க மேல இல்ல.)

சரி, திட்டினது போதும், அத்தையோட என்ன செஞ்சோம்னு சொல்றேன். பக்கத்து ஊர்ல பிஸியோதெரபி முடிச்ச ஒரு அக்கா வீட்டுக்கே வந்து பார்த்துட்டுச் சொல்லிக் கொடுத்தது. மொத்தச் செலவு சைக்கிள் கடையில வாங்கின ஒரு பழைய ட்யூப்.

முதல்ல சுவர். ரெண்டு முன்னங்கையையும் சுவர்ல வச்சு, நடுவுல ஒரு துண்டு, அப்படியே மேல தேய்ச்சுக்கிட்டுப் போகணும். உச்சியில போனதும் சுவரை லேசாத் தள்ளணும். பட்டை எலும்பு விலாவைச் சுத்திக்கிட்டு முன்னால வர்றது தெரியும். அடுத்தது சுவர்ல கை ஊன்றித் தண்டால், ஆனா கை நீண்டதும் நிறுத்தாம இன்னும் ஒரு அங்குலம் தள்ளணும். செரேட்டஸுக்குத் தீனி அந்தக் கடைசி அங்குலத்துலதான். அப்புறம் கட்டில் ஓரத்துல குப்புறப் படுத்து, தொங்குற கையைக் கட்டை விரல் மேல பார்க்க, தலைக்குச் சாய்வா முன்னால தூக்குறது. இது கீழ் ட்ரெபீசியஸுக்கு. ஜன்னல் கம்பியில ட்யூபைக் கட்டி இழுக்கிறது ஒண்ணு, முழங்கையை இடுப்போட ஒட்டி வச்சு வெளிப்பக்கமாத் திருப்புறது ஒண்ணு. கடைசியாக் கையை மேல தூக்கி வச்சுக்கிட்டுத் தோளைக் காதை நோக்கி உயர்த்துறது. ஆமா, மேல! ஜெராக்ஸ் தாள் சொன்னதுக்கு நேர் எதிர்.

வாரத்துக்கு மூணு நாள், ஒவ்வொண்ணும் எட்டுல இருந்து பன்னெண்டு தடவை, ரெண்டு மூணு சுற்று. லேசா வலிக்கலாம், மறுநாள் காலையில அடங்கிடணும். அடங்கலைன்னா அளவு கூடிப்போச்சுன்னு அர்த்தம். சுலபமானதும் ட்யூபை ரெண்டா மடிக்கணும். ஆறு வாரத்துல அலுத்து விட்டுடக்கூடாது, பன்னெண்டு வாரம் பார்க்கணும். நம்ம ஊர் கர்லாக்கட்டையும் தோளை முழுசாச் சுத்த விடுற சமாச்சாரம்தான். வெள்ளைக்காரன் இந்தியாவுல இருந்து கொண்டு போய், 1904-லயும் 1932-லயும் ஒலிம்பிக்ஸ்ல போட்டியாவே வச்சான். நாம ஜெராக்ஸ் தாளை வாங்கி வச்சிருக்கோம்.

இது எல்லாருக்கும் பொருந்தாது. சர்க்கரை உள்ளவங்களுக்குத் தோள் இறுகிப் போறது அதிகம். வேற ஒருத்தர் பிடிச்சுத் திருப்பினாலும் கை வெளிப்பக்கம் போகாது. அதுக்கு வைத்தியம் வேற. விழுந்து எழுந்ததும் கை தூக்கவே வரலைன்னா, மரத்துப் போனா, காய்ச்சலோட வலிச்சா டாக்டர்கிட்ட போங்க. தோள் வலியோட நெஞ்சு இறுகி வேர்த்தா, எந்தப் பக்கத் தோளா இருந்தாலும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

இவ்வளவு பண்ணியும் பாதிதான். மீதி அந்தச் சட்டியில இருக்கு.

ஒரு நாள் அத்தை சுமக்குற சட்டியை ஈர உப்போட தராசுல வச்சுப் பார்த்தேன். 28 கிலோ. ஒரு நாளைக்கு எத்தனை நடை அத்தைன்னா, "எவ எண்ணுதா?"ன்னு சிரிக்கிறாங்க. அறுபதுன்னு குறைச்சே வச்சாலும் 1,680 கிலோ. தலையில இருக்கும்போது தோளுக்கு அவ்வளவா வலி இல்லையாம். தலைக்கு ஏத்துறப்பவும், அம்பாரத்துல கவிழ்க்கிறப்பவும்தான் உயிர் போகுதாம். கை தலைக்கு மேல, அதுவும் சுமையோட! எந்தப் பயிற்சியைச் செஞ்சு எந்த எலும்பைச் சரி பண்ணினாலும் மறுநாள் இதே கணக்குதான்.

அளவு போட யாருக்கும் தெரியாம இல்ல. 1967-லயே ஐ.எல்.ஓ. தன்னோட பரிந்துரையில ஒரு ஆம்பளைக்கு 55 கிலோ, பொம்பளைக்கு அதைவிட நல்லாவே குறைவா இருக்கணும்னு சொல்லிடுச்சு. நம்ம 1948 தொழிற்சாலைச் சட்டத்தோட 34-வது பிரிவு, காயம் உண்டாக்குற அளவு சுமையை யாரையும் தூக்க வைக்கக் கூடாதுன்னு எழுதி வச்சது. உப்பளம் தொழிற்சாலையான்னு மூக்கைச் சொறிய வேண்டாம். வெட்டவெளியா இருந்தாலும் உப்பளம் தொழிற்சாலைதான்னு 1961-ல அர்தேஷிர் பிவண்டிவாலா வழக்குல உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. அதே 1961-லதான் தூத்துக்குடியில கடைசி முத்துக்குளிப்பும் நடந்துச்சு. முத்து போச்சு, உப்பு இருக்கு. குஜராத்துக்கு அடுத்தபடியா உப்பு விளையுற ஊர் இது. சில மைல் தூரத்துல துறைமுகத்துல டன் கணக்குல கிரேன் தூக்குது. இங்க தலையும் தோளும்தான் கிரேன். எந்திரம் வந்த அளங்களும் இருக்கு, அத்தை வேலை பார்க்கிறது அதுல ஒண்ணு இல்ல.

கங்காணிகிட்ட அத்தையும் கூட வேலை பார்க்கிற நாலு பேரும் போய்க் கேட்டது ரெண்டே விஷயம். சட்டியை முக்கால்தான் நிரப்புவோம். தலைக்கு ஏத்த எப்பவும் ஒருத்தி எதிர்ல நின்னு கை கொடுக்கணும். "நடை குறையும்ல?"ன்னாராம். "ஆள் குறைஞ்சா பரவாயில்லையா?"ன்னு அத்தை திருப்பிக் கேட்டிருக்காங்க. கை கொடுக்கிறதுக்குச் சரின்னுட்டார். முக்கால் சட்டிக்கு இன்னும் பதில் வரல.

நேத்து போன் பண்ணினப்போ ஏழாவது வாரம். சீப்பு நடு மண்டை வரைக்கும் போகுதாம், பின்னல் போட இன்னும் முடியல. "எய்யா, அந்த ட்யூபு இன்னும் நாலு வாங்கிட்டு வா, இவளுவளும் கேக்காளுவ" அப்படின்னாங்க. சனிக்கிழமை பஸ் ஏறுறேன்.