கம்ப்யூட்டர் ஐந்து, பதினைந்து ஆகும்போது... கம்பெனிக்கு எந்த ஆன்டிவைரஸ் சரி?

இரண்டு பேரோடு தொடங்கிய ஆபீஸில் இப்போது பதினைந்து கம்ப்யூட்டர். ஒவ்வொன்றிலும் கடைக்காரர் போட்டுக்கொடுத்த ஆன்டிவைரஸ் ஒவ்வொரு ரகம். ஒன்றுக்கு கெடு முடிந்து நாலு மாசம் ஆச்சு. இன்னொன்றை 'டேலி ஸ்லோவா ஓடுது' என்று கணக்கர் நிறுத்தியே வைத்திருக்கிறார். முதலாளிக்கு இரண்டுமே தெரியாது.

'எந்த பிராண்டு நல்லது?' என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். முன்னணி மென்பொருள்கள் பலவும் வைரஸைப் பிடிப்பதில் கிட்டத்தட்ட ஒரே தரம்தான். நாலைந்து கம்ப்யூட்டர் வரை விண்டோஸோடு இலவசமாக வரும் டிஃபெண்டரே பெரும்பாலும் போதும், அதை யாரும் அணைக்காமல் இருந்தால். எண்ணிக்கை கூடும்போது தேவைப்படுவது வேறு: எந்த கம்ப்யூட்டரில் பாதுகாப்பு ஓடுகிறது, எதில் நின்றுவிட்டது என்பதை ஒரே திரையில் காட்டும் வசதி. வீட்டு உபயோகத்துக்கான பதிப்புகளில் இது பெரும்பாலும் இருக்காது. சர்வரில் அவற்றைப் போடவும் முடியாது. தொழில் நிறுவனங்களுக்கான பதிப்பைத்தான் வாங்க வேண்டும்.

டீலரிடம் கேட்க வேண்டியவை சில. பாஸ்வேர்டு இல்லாமல் ஊழியர் நிறுத்த முடியுமா? நடுவில் மூன்று கம்ப்யூட்டர் சேர்த்தால் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் கெடு முடியுமா? முக்கியமாக, இரண்டாம் வருஷ புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு? முதல் வருஷ தள்ளுபடியைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய.

விண்டோஸ் 10 இருந்தால்?

அதற்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ல் மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. டிஃபெண்டருக்கான வைரஸ் விவரங்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்றாலும், விண்டோஸில் இருக்கும் ஓட்டைகளை அது அடைக்காது. நிறுவனங்கள் அந்த அப்டேட்டுகளைக் காசு கொடுத்துத்தான் நீட்டிக்க வேண்டும். ஓட்டையை அடைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை சாட்சி. அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் முடங்கின.

அதுபோன்ற ரான்சம்வேர் ஃபைல்களைப் பூட்டிவிட்டால், ஆன்டிவைரஸால் திறக்க முடியாது. கைகொடுப்பது பேக்கப் மட்டும்தான். அதிலும் ஒரு சிக்கல்: எப்போதும் செருகியே இருக்கும் ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். டேலி டேட்டாவை நகலெடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றி வைப்பது, பட்ஜெட்டில் பைசா கேட்காத வேலை. மாசத்துக்கு ஒருமுறை அதிலிருந்து திறந்தும் பாருங்கள்.

தாக்குதல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. இது சிறு நிறுவனங்களுக்கும் உண்டு. அந்தத் திரையைத் தினமும் காலையில் பார்க்கும் பொறுப்பு யாருக்கு என்பதை, பில் போடும் முன்பே பெயர் சொல்லி முடிவு செய்துவிடுங்கள்.