யார் பெயர்த்தது?

2025 டிசம்பர் 19 அன்று வெளிவந்த தமிழக வரைவு வாக்காளர் பட்டியலில் 97 லட்சம் பெயர்கள் இல்லை. அதில் 66 லட்சம் பேர் 'இடம்பெயர்ந்தோர், முகவரியில் இல்லாதோர்' என்றது தேர்தல் ஆணையம்.

யார் பெயர்த்தது தோழர்களே? கூவம் கரைக் குடிசைகளை இடித்துப் பெரும்பாக்கத்துக்கு லாரியில ஏத்தினது அரசு. ராயபுரத்தில் வாடகை கட்டுப்படியாகாமல் எண்ணூருக்குச் சட்டிபானையோடு போனவன், துறைமுகத்தில் மூட்டை தூக்கினவன். அவனிடம்தான் கேட்டார்கள்: '2002, 2005 பட்டியல்ல உங்கப்பன் பேரு எங்கே?'

சொத்தும் வரியும் உள்ளவனுக்கே ஓட்டு என்றிருந்த காலம். 1928இல் சைமன் குழுவிடம் வயதுவந்த எல்லோருக்கும் ஓட்டு கேட்டார் அம்பேத்கர். அரசியல் சட்டத்தின் 326ஆம் பிரிவு குடிமகனிடம் 18 வயதைத்தான் கேட்கிறது, வீட்டுப் பட்டாவை அல்ல.

படித்த தம்பி தங்கைகளே, படிவம் 6ஓடு திருவொற்றியூர்ச் சந்துகளில் இறங்குங்கள். நம்ம சேரியை நாமே எண்ணுவோம். ஒரு பேரும் விடுபடக் கூடாது!